தளரக் கட்டிய வெட்டுக்கிளி

எழுபதுகளில் எங்கள் தீவின் பெரார்கஞ்ச் ஊர்க் குளத்தில் நான் துணி துவைக்கையில் அவரைப் பார்த்தேன். ஹேடோ துறைமுகத்தில் கப்பலுக்குக் கயிறு கட்டுபவர். பிரசவித்துச் சோர்ந்து கிடந்த மனைவிக்கு விரால் குழம்பு வேண்டுமாம். நிஜப் பூச்சியைப் பொடிமீன்கள் கொத்திவிடும் என்று, பழைய ரப்பர் செருப்பின் நுரைத் துண்டைத் தூண்டில் முள்ளில் வைத்து நூலால் வெட்டுக்கிளி கட்டினார். நூலைப் பல்லால் கடித்து இழுப்பார். நான்கு கட்டினார்; நான்கும் மிதக்காமல் முங்கின.

கூச்சத்தை விட்டுச் சொன்னேன்: "அண்ணே, இறுக்கி நுரைய நெரிச்சிட்டீங்க. பூக்கட்டுற மாதிரி தளரக் கட்டுங்க."

"கப்பலக் கயித்துல கட்டுற கை தங்கச்சி, சொன்னா கேக்காது." சற்று யோசித்து நூலை இடது கைக்கு மாற்றினார். "இது மக்குக் கை. இறுக்கவே தெரியாது, தேக்கோ, பாரு!"

ஐந்தாவது மிதந்தது. விரால் பாய்ந்து கவ்வியது.

மீனை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். அந்த அம்மா தேறினார்களா என்று யாரிடம் கேட்பேன்? அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.