தோப்புக்கு வராத பணம்

பெரம்பலூர் ஆபீஸில் எனக்கு மானியப் பிரிவு. தொழில் தொடங்குகிறவர்களுக்கு அரசு கொடுக்கும் பணம் ஒழுங்காகச் செலவாகிறதா என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஓரிரு வருடம் இருக்கும், ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் அரவை மில்லுக்குப் போனேன். தூசியை உறிஞ்சும் டஸ்ட் கலெக்டருக்கும் சேர்த்தே மானியம் போயிருந்தது. நான் போனபோது அது நன்றாகத்தான் ஓடியது. வடிகட்டும் பைகளைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். ஒரு வருடம் ஓடிய மில்லில், பைகள் கடையிலிருந்து இப்போதுதான் வந்தவை போல இருந்தன. கரண்ட் செலவை மிச்சம் பிடிக்க, ஆபீஸர் வரும் நாளில் மட்டும் போடுவார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வேலிக்கு அடுத்தது அஞ்சலை என்பவரின் முந்திரித் தோப்பு. பனியில் நனைந்த தூசி பூங்கொத்துகளில் அடையாக ஒட்டிக் காய்ந்திருந்தது. தேடிப் பார்த்தும் பிஞ்சைக் காணோம். அந்த மகசூலை நம்பித்தான் மகளுக்குக் கல்யாணம் பேசியிருந்தார். மில்லை மூடச் சொல்லவா என்று கேட்டேன்.

“மூட வேணாங்கம்மா. எங்க ஊரு ஆளுங்கதான் அங்க வேலைக்குப் போறாங்க. கெடுத்ததுக்குக் காசைக் குடுக்கச் சொல்லுங்க, போதும்.”

நிபந்தனையை மீறினால் மானியத்தைத் திரும்பப் பிடிக்கலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து உண்டு. அதை யாரும் தொட்டதில்லை. கொடுப்பதுதான் நம் வேலை, பிடுங்குவது இல்லை என்றார் மேலதிகாரி. நான் விடவில்லை. மாதக்கணக்கில் அலைந்தேன். டிரான்ஸ்பர் மிரட்டலும் வந்தது. கடைசியில் முதலாளி முழுப் பணத்தையும் கட்டினார். ஆபீஸில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

அஞ்சலையிடம் சொல்லப் போனேன். பணம் அரசுக் கஜானாவுக்குத்தான் போகும், அவருக்குத் தர விதியில் இடமில்லை, நஷ்டஈடு வேண்டுமென்றால் கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது.

“பூ கருகுனது என் தோப்புல. சர்க்காருக்கு என்னங்க நட்டம்?” என்றார்.



கல்யாணத்தைத் தள்ளிப்போட வழியில்லாமல், அந்தக் கோடையிலேயே தோப்பை விற்றுவிட்டார். வாங்கியவர் அந்த மில் முதலாளி. காய்க்காத தோப்பென்று சொல்லிப் பாதி விலைக்கு வாங்கினார்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். பணத்தை வசூலித்ததோடு ஃபைலை மூடாதீர்கள். அது யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள். அதன்பின் ஓய்வு பெறும்வரை, பக்கத்து நிலத்துக்குச் சேதம் வந்தால் அந்த நிலத்துக்காரரிடமே ஈடு கொடுப்பேன் என்று முதலாளியிடம் எழுதி வாங்காமல் நான் எந்த மானியத்துக்கும் கையெழுத்துப் போட்டதில்லை. இது எந்த விதியில் இருக்கிறது என்று மேலே கேட்டார்கள்.

இல்லை, இருக்க வேண்டும் என்றேன்.