'ஆச்சு' என்பதற்கு ஆதாரம்

நான் முதுகலையில் படித்தது பண்பாட்டிடைத் தொடர்பியல். ஓர் ஊர்க்காரரும் வேறோர் ஊர்க்காரரும் பேசிக்கொள்ளும்போது எங்கே இடிக்கிறது என்று ஆராய்கிற படிப்பு. உத்திரமேரூர் பக்கம் இதை விளக்குவதற்குள் தாவு தீர்ந்துவிடும். "பேசறதுக்கு ஒரு படிப்பா? நம்ம தெருவுல எல்லாம் படிக்காமலே பேசிக்கினுதான கீறாங்க" என்பார் அப்பா.

ஆய்வேட்டுக்கு நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு கேள்வி: "சாப்டாச்சா?" எங்கள் ஊரில் யார் கேட்டாலும் பதில் "ஆச்சு"தான். வயிறு காய்ந்து கிடந்தாலும் "ஆச்சு". இல்லை என்று சொல்லிவிட்டால் கேட்டவர் சோறு போட்டே ஆகவேண்டும். அவர் பானையில் இருக்கிறதோ இல்லையோ. அந்தச் சங்கடம் வேண்டாமென்றுதான் ஊரே கூசாமல் புளுகுகிறது என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருந்தேன்.

வாய்மொழித் தேர்வு இணையத்தில் நடந்தது. எங்கள் வீட்டில் சிக்னல் நிற்காது. அத்தை வீட்டில் ஒயர் இழுத்த இன்டர்நெட் உண்டு. அங்கே கூடத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, "முடியிற வரைக்கும் இந்தப் பக்கம் வராத அத்த" என்று கெஞ்சியிருந்தேன்.

தேர்வாளர் ஒரு குளிர்தேசத்துப் பேராசிரியை. அங்கே காலை, இங்கே மதியம். எடுத்த எடுப்பிலேயே அடிமடியில் கைவைத்தார்.

"எல்லோரும் 'ஆச்சு' என்றார்கள், சரி. நிஜமாகவே சாப்பிட்டிருக்கலாமே? பொய் என்பதற்கு என்ன ஆதாரம்? இது நிற்கவில்லை என்றால் முழுவதையும் திரும்ப எழுத வேண்டியிருக்கும்."

மறுபடியும் முதலிலிருந்தா?

அந்த நேரம் பார்த்து அத்தை கரண்டியும் கையுமாக வந்து திரையை எட்டிப் பார்த்தாள். "யாருடீ இது? பாவம், வெளுத்துப்போய் கீது. சாப்டாச்சான்னு கேளு."

வேறு வழியில்லாமல் மொழிபெயர்த்தேன். "இல்லை, ஒரு காப்பி மட்டும்தான்" என்றார் அவர், கள்ளமில்லாமல்.

அத்தைக்கு முகமே மாறிவிட்டது. அவள் ஆயுசில் யாரும் இப்படிப் பட்டென்று சொன்னதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பட்டினியா உக்காந்துகினு இன்னா கேள்வி வேண்டிகீது? மொதல்ல சாப்ட்டு வரச் சொல்லு."

அதையும் மொழிபெயர்த்தேன், கொஞ்சம் மரியாதை கலந்து. பேராசிரியை திகைத்து எழுந்து போனார். ரொட்டித் துண்டோடு வந்து எங்கள் முன்னாலேயே மென்றார். கடைசி வாய் உள்ளே போகும்வரை அத்தை கண்ணெடுக்கவில்லை.

"'இல்லை' என்றால் என்ன நடக்கும் என்று புரிந்தது. ஆனால் என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது" என்றார் தட்டை நகர்த்திவிட்டு. பிறகு, என் ஆய்வேட்டில் கற்ற தமிழை ஒருமுறை சொல்லிப்பார்க்க ஆசைப்பட்டார்போல. "நீ... சாப்டாச்சா?"

"ஆச்சு மேடம்" என்றேன், யோசிக்காமல்.

அத்தை என் பக்கம் திரும்பினாள். "புளுவுது மேடம் இது. பயத்துல காலையிலேர்ந்து பச்சத்தண்ணி பல்லுல படல."

பேராசிரியை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?"

மானமா பட்டமா என்று ஒரு நொடி யோசித்தேன். பிறகு ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன்.