குமரேசனுக்கும் புஷ்பலதாவுக்கும் நடுவில் ஒரு நட்சத்திரம்

திருத்தணி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பேனர் கடை வைத்திருக்கிறாள் சுசித்ரா. மவுஸைப் பிடித்துப் பிடித்துப் பெயர் அடிப்பது அலுத்துப்போய், கம்ப்யூட்டருக்குப் பத்து வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். கறுப்புத் திரையில் 'பேனர்' என்று தட்டி, பக்கத்தில் பெயர்களைத் தட்டினால் மிஷின் அச்சடித்துத் தள்ளும். கடைக்கு வருகிறவர்களை நிற்க வைத்துக் காட்டுவாள்.

கே.ஜி.கண்டிகை வீராசாமி, மறுநாள் நடக்கவிருந்த மகன் கல்யாணத்துக்குப் பேனர் கேட்டு வந்தார். 'குமரேசன் & புஷ்பலதா' என்று தட்டினாள். அந்த & குறியோடு கட்டளை முடிந்ததென்று எண்ணிக்கொண்ட கம்ப்யூட்டர், குமரேசனை மட்டும் எடுத்துக்கொண்டு, அடுத்த கட்டளை புஷ்பலதா என்று தேடியது. 'புஷ்பலதா: கிடைக்கவில்லை' என்று வந்தது.

"இன்னாம்மா, பொண்ணு கிடைக்கலன்னுது? இப்பத்தான வூட்ல பாத்துட்டு வரேன்!"

"பொண்ணு இருக்குதுங்க. குறிதான் தகராறு. நடுவுல நட்சத்திரம் போடட்டுமா? பூ மாதிரி இருக்கும்."

"ஆங், போடு."

* தட்டி, மிஷினை ஓடவிட்டுச் சாப்பிடப் போனாள். மேற்கோள் குறிக்குள் அடைக்காத நட்சத்திரம் சும்மா இருக்காது. பழைய பேனர்களைச் சேர்த்து வைத்திருந்த ஃபோல்டரில் உள்ள அத்தனை கோப்புகளின் பெயரையும் தன் இடத்தில் கொட்டிவிடும். அவள் திரும்புவதற்குள் வீராசாமி மை காய்ந்ததா என்று மட்டும் தொட்டுப் பார்த்துச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். கேட்டதைவிட நீளமாக வந்ததில் அவருக்குச் சந்தோஷம்.

காலையில் மண்டப வாசலில் பேனர் விரிந்தது: 'குமரேசன் கண்ணீர்-அஞ்சலி காதுகுத்து கோழிக்கடை-திறப்பு மஞ்சள்நீராட்டு புஷ்பலதா'.

"இன்னா பாவா, என் அக்காகிட்ட வர்றதுக்குள்ள இவ்ளோ வேலையா?" என்றான் பெண்ணின் தம்பி.

புஷ்பலதா நிதானமாகப் படித்துவிட்டுக் குமரேசன் பக்கம் திரும்பினாள். "உன்னைக் கட்டிகினா மொதல்ல கண்ணீர்தானா?"

மண்டபத்திலிருந்து போன் வந்ததும் சுசித்ரா கடைக்கு ஓடினாள். பெயர்களை மேற்கோள் குறிக்குள் அடைத்துத் தட்டினாள். திரையில் மறுபடியும் காதுகுத்து! தலையில் அடித்துக்கொண்டு ஸ்கிரிப்டைத் திறந்தாள். பெயரை வாங்கும் வரியிலும் மேற்கோள் குறி இல்லை. அங்கேயும் போட்ட பிறகுதான் நட்சத்திரம் நட்சத்திரமாக நின்றது.

புது பேனரோடு அவள் மண்டபத்துக்குள் நுழைந்தபோது, பழையதன் அடியில் செல்ஃபி எடுக்க வரிசை நின்றிருந்தது. கழற்ற யாரும் விடவில்லை.

"அது கிடக்கட்டும்க்கா. புதுச பந்தியாண்ட கட்டிடுங்க," என்றாள் புஷ்பலதா.

கட்டி முடித்ததும் வீராசாமி சுசித்ராவை அங்கேயே உட்கார வைத்து இலை போடச் சொன்னார். வெட்கத்தில் தலை நிமிராமல் இரண்டு முறை பாயசம் வாங்கிக் குடித்தாள்.