பெல்ட் போட்ட போட்டோ

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு டவர் பாதுகாப்பு வகுப்பு எடுக்க இப்போது என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். கூத்தைப் பாருங்கள். அரியலூரில் ஒரு மாடி அறையில் நின்றுகொண்டு, "பெல்ட் இல்லாம ஏணியில கால் வைக்கக் கூடாது, ரெண்டு கொக்கியில ஒண்ணு எப்பவும் கம்பியில மாட்டியிருக்கணும்" என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். கத்தும்போதே வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

சில வருஷத்துக்கு முன்பு நான் பெரம்பலூர் பக்கத்து செல்போன் டவர்களுக்கு மேற்பார்வையாளர். ஏறுகிறவர் பெல்ட் மாட்டி நிற்பதைப் போட்டோ எடுத்து அனுப்பினால்தான் ஆபீஸிலிருந்து அனுமதி வரும். நல்ல விதிதான். ஆனால் எங்களிடம் குழு இரண்டு, உருப்படியான பெல்ட் ஒன்று. இன்னொன்றின் கொக்கி பூட்டாது. புதிது கேட்டு எழுத வேண்டியவன் நான். எழுதினால் ஆயிரம் கேள்வி கேட்டுக் குடைவார்களே என்று தள்ளிப்போட்டேன். அதற்குப் பதில் ஒரு கள்ள வழி கண்டுபிடித்தோம். முதல் டவரில் பெல்ட்டை மாட்டிப் போட்டோ எடுப்போம். அனுமதி வந்ததும் கழற்றி, பைக்கில் அடுத்த டவருக்கு அனுப்பிவிடுவோம். இரண்டாவது குழு பெல்ட்டோடு ஏறும். முதல் குழு சும்மா ஏறும்.

அன்று குன்னம் பக்கம், மக்காச்சோளக் கொல்லை நடுவே நின்ற டவரில் உச்சி விளக்கு எரியவில்லை. ஏற வேண்டியவர் என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை சார் என்பார். போட்டோ எடுத்து முடித்ததும் பெல்ட்டைக் கழற்றி, அடுத்த குழு காத்திருந்த அரும்பாவூருக்குக் கொடுத்தனுப்பினேன்.

"காத்து வீசுதே சார். பெல்ட்டு திரும்பி வரட்டும், மத்தியானமா ஏறிக்கிறேன்" என்றார் அவர்.

"அட, நீங்க ஏறாத டவராண்ணே? சட்டுனு முடியிற வேலை. பொழுதுக்கும் இங்கயே நிக்கச் சொல்றீங்களா?" என்று கிண்டல் செய்தேன். சிரித்துக்கொண்டே ஏறினார்.

விளக்கை மாட்டிவிட்டார். இறங்கும்போது, இன்னும் இரண்டு மாடி உயரம் இருக்கையில், கால் வழுக்கிவிட்டது. ஐயோ, அவர் தரையில் விழுந்த சத்தம்! உயிர் தப்பியது. இடுப்பும் வலது காலும் முறிந்துபோயின. இனி டவர் ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மறுநாளே ஆபீஸில் விசாரணை. பெல்ட் கொடுத்தாயா என்று கேட்டார்கள். நான் போனை நீட்டினேன். போட்டோவில் அவர் பெல்ட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"உறுத்துதுன்னு அவரே கழட்டி வச்சிட்டு ஏறிட்டாருங்க சார். நான் கவனிக்கல" என்று கூசாமல் சொன்னேன். தப்பு என்னுடையது என்றால் என் வேலை போகும். அவருடையது என்றால் அவருக்கு நஷ்டஈடு கிடைக்காது. இது இரண்டும் தெரிந்துதான் சொன்னேன். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் அவரையும் கேட்கிறோம் என்றார்கள்.

அன்று சாயங்காலமே சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவர் மனைவி எழுந்து எனக்கு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். கண்ணீர்தான் வந்தது. அதுகூட யாருக்காக வந்தது என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான்.

"அழுவாதீங்க சார். ஒங்களுக்கும் புள்ளகுட்டி இருக்கு" என்றார் அவர். பிறகு, "ஆபீஸ்லருந்து நாளைக்கு வர்றாங்கன்னு போன் வந்துச்சு. கேட்டா நான் என்னன்னு சொல்லணும்? சொல்லிட்டுப் போங்க" என்றார்.

உள்ளதைச் சொல்லுங்கண்ணே என்று சொல்லியிருக்க வேண்டும். மனுஷனாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"உறுத்துச்சு, கழட்டிட்டேன்னு சொல்லுங்கண்ணே" என்றேன்.

அவர் படுத்தபடியே மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "பெல்ட்டு உறுத்துச்சுங்க. நான்தான் கழட்டிட்டேன்." என் பக்கம் திரும்பி, "சரியா சொல்றனா சார்?" என்று கேட்டார்.

அவர் மனைவி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரியா இருக்குண்ணே" என்றேன்.