அத்தைக்குக் காவல்

அத்தையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது எரிச்சல்தான். பாசம் அதற்கப்புறம் மெதுவாக வந்து சேரும்.

அப்பாவின் அக்கா அவள். எங்கள் குடிசைக்கு அடுத்த குடிசையில் தனியாக இருந்தாள். புருஷன் எப்போதோ செத்துவிட்டார், பிள்ளைகள் கிடையாது. எங்கள் தெருவிலிருந்து நடவுக்கும் களைக்கும் போகிற பெண்களுக்கு அவள்தான் தலைவி. அவள் கரையேறாமல் மற்றவர்கள் கரையேற மாட்டார்கள். கூலியில் குறை வைத்தால் பண்ணைக் காரியக்காரரை வரப்பிலேயே நிறுத்திக் கேட்பாள். கேட்டு வாங்குவதில் அவ்வளவு கெட்டிக்காரி. பிறர் சொல்வதைக் கேட்பதில்தான் சாமர்த்தியம் போதாது.

எனக்கு அப்போது பத்து வயது. கழக ஆட்சி வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பண்ணை நிலத்தில் குடிசை போட்டிருக்கிறவர்களுக்கு அந்த மனையே இனி சொந்தம் என்று சர்க்கார் சொல்லியிருந்தது. கர்ணம் சங்கிலியோடு வந்து அளந்து எழுதிக்கொண்டு போக வேண்டும். ஆள் குடியிருக்கிற குடிசைக்குத்தான் பட்டா, பூட்டிக் கிடந்தால் கிடையாது என்று தெருவில் பேச்சு. இன்றைக்கு வருவார், நாளைக்கு வருவார் என்று எல்லோரும் காத்துக்கொண்டிருந்தோம். அந்த நேரம் பார்த்துத்தானா அத்தைக்கு இது வர வேண்டும்!

முதலில் கண்டுபிடித்தது அம்மா. அம்மாவுக்கும் அத்தைக்கும் ஆறு வருஷமாகப் பேச்சில்லை. ஒரு கோரைப்பாயில் ஆரம்பித்த சண்டை என்று கேள்வி. பாய் மக்கிப்போயும் சண்டை மக்கவில்லை. ஆனாலும் அத்தையின் வேலியில் என்ன காய்கிறது என்பது அம்மாவுக்குத் தெரியாமல் இருக்காது. தீட்டு நின்று ஐந்தாறு வருஷமான பொம்பளையின் வேலியில் வாரக்கணக்காகப் பழந்துணிகள் காய்ந்தன. அம்மா அப்பாவிடம், "உங்க அக்காவுக்கு என்னமோ சரியில்ல. தஞ்சாவூருக்குக் கூட்டிக்கிட்டுப் போயி காட்டுங்க" என்றாள்.

அத்தை, உடம்புச் சூடு என்றாள். வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்தாள். இரண்டு மாதம் கெஞ்சி, திட்டி, கடைசியில் அப்பா சோறு தின்ன மாட்டேன் என்று உட்கார்ந்த பிறகுதான் பஸ் ஏறினாள். பெரிய ஆஸ்பத்திரியில் உள்ளேயிருந்து சுரண்டி எடுத்துப் பரிசோதித்துவிட்டு, கர்ப்பப்பையில் புற்று, ஆரம்பம்தான், எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார், தள்ளிப்போட வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

அத்தை தள்ளிப்போட்டாள். குறுவை அறுப்பு முடியட்டும் என்றாள். அறுப்பு முடிந்தது. கர்ணம் வந்து அளந்துவிட்டுப் போகட்டும் என்றாள்.

"மனை வேணுமா உசுரு வேணுமா உனக்கு?" என்று அப்பா கத்தினார்.

"மனை இல்லாம உசுர வச்சிக்கிட்டு எங்கடா குந்துறது? நான் ஆஸ்பத்திரியில படுத்துக் கெடப்பேன், வீடு காலின்னு அந்தக் காரியக்காரன் எழுதிக் குடுத்துட்டான்னா?"

ஒரு வாரம் இதே பேச்சு. பிறகு ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். அவள் திரும்பி வருகிற வரைக்கும் அவள் குடிசையில் தினமும் அடுப்பு எரிய வேண்டும். பொழுது சாய்வதற்குள் கூரை மேல் புகை தெரிய வேண்டும். அப்பாவுக்கு வேலை இருந்தது. ஆக, புகை என் தலையில் விழுந்தது.

அடுத்து ரத்தம். ஆபரேஷனுக்கு முன்னால் வீட்டு ஆட்கள் இரண்டு பேர் ரத்தம் கொடுக்க வேண்டும் என்றார்கள். அப்பா ஒருவர். இன்னொருவர் சித்தப்பா என்று எல்லோருமாக முடிவு செய்தோம், அவரைக் கேட்காமலே. கேட்க வேண்டிய அவசியமே இல்லை. விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் "கடைசிச் சொட்டு ரத்தம் உள்ளவரை" என்று நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி கோஷம் போடுகிறவர் அவர். ஒரு பாட்டில் கேட்டதும், அக்காவுக்காக மாதாவிடம் நேர்ந்துகொண்டிருப்பதாகச் சொல்லி வேளாங்கண்ணிக்கு நடந்தே கிளம்பிவிட்டார். அங்கே போனவருக்கு நாகூர் ஆண்டவரிடமும் ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது. ஆபரேஷன் முடிந்த மறுநாள்தான் ஊர் திரும்பினார்.

ரத்தம் கொடுத்தது அம்மா. தெருவில் யாரோ, "பேச்சுவார்த்தையே இல்லியே உங்களுக்குள்ள?" என்று கேட்டதற்கு, "பேசவா சொல்றாங்க? ரத்தந்தான கேக்குறாங்க" என்றாளாம்.

அம்மாதான் ஆஸ்பத்திரியில் துணைக்கும் இருந்தாள். அங்கேயும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பக்கத்துக் கட்டில்காரி வழியாகத்தான் எல்லாம். "அவங்கள கஞ்சி குடிக்கச் சொல்லுங்க" என்பாள் அம்மா. "கஞ்சியில உப்பில்லன்னு சொல்லுங்க" என்பாள் அத்தை. அந்தப் பாவப்பட்ட பெண் தன் வியாதியை மறந்து நாள் முழுக்கத் தூது போய்க்கொண்டிருந்தாள்.

ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் படக்கூடாது என்று நர்ஸ் மூன்று முறை சொல்லிவிட்டுப் போனார். வயிற்றைச் சுத்தம் பண்ணினார்கள். முப்பது வருஷமாகக் கழற்றாத தோட்டை சோப்புத் தண்ணீர் போட்டுக் கழற்றினார்கள். காலையில் தள்ளுவண்டியில் ஏற்றி உள்ளே கொண்டுபோனால், மயக்க மருந்து டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லியிருக்கிறார். கன்னத்தில் வெற்றிலை.

"சாப்புடக் கூடாதுன்னுதான சொன்னீங்க? வெத்தல என்ன சாப்பாடா?"

அன்றைக்கு ஆபரேஷன் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று நாள் கழித்துத்தான் மறுபடி முறை வந்தது. அந்த மூன்று நாளும் அம்மா வெற்றிலைப் பையைத் தன் இடுப்பிலேயே செருகிக்கொண்டு திரிந்தாள்.

இங்கே நான் ஐப்பசி மழையில் ஈர விறகோடு போராடிக்கொண்டிருந்தேன். ஊதி ஊதிக் கண் சிவந்து, யாரும் குடிக்காத கஞ்சியைத் தினமும் காய்ச்சினேன். காரியக்காரர் அந்தப் பக்கம் சைக்கிளில் போகும்போதெல்லாம் காலை ஊன்றி நிற்பார்.

"யாரு குட்டி உள்ள?"

"அத்தை இருக்குங்க."

"எங்க, காணும்?"

"கொல்லைக்குப் போயிருக்குங்க."

மூன்றாவது வாரம் அவர் சிரித்துக்கொண்டே, "ஏன் குட்டி, மூணு வாரமாவா கொல்லையில இருக்கா உங்க அத்தை?" என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கு அவமானமாக இருந்தது. இவ்வளவு நாள் அவருக்குத் தெரிந்தேதான் கேட்டிருக்கிறார் என்றால், நான் குடித்த புகையெல்லாம் எதற்கு?

அத்தையை வாடகைக் காரில் கொண்டுவந்து எங்கள் வீட்டில் படுக்க வைத்தார்கள். ஒன்றரை மாதத்துக்குக் குடம் தூக்கக் கூடாது, குனிந்து பெருக்கக் கூடாது, குந்தி உட்காரக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக நடக்கலாம். ரத்தம் பட்டாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். டாக்டரம்மா சொன்னதை அப்பா என்னை நிற்க வைத்து மனப்பாடம் செய்யச் சொன்னார். பள்ளிக்கூடம் விட்ட நேரமெல்லாம் நான்தான் அத்தைக்குக் காவல்.

பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். நடக்கவே கூடாது என்றாள் ஒருத்தி. பூண்டுக்குழம்பு கொண்டுவந்தாள் இன்னொருத்தி. அத்தை எல்லோருக்கும் தலையை ஆட்டிவிட்டு, என்னை வெற்றிலை வாங்க அனுப்பிவிட்டு, நான் தெரு முனை திரும்புவதற்குள் குடத்தைத் தூக்கிவிடுவாள். ஒருநாள் பாதி வழியில் திரும்பி வந்து கையும் களவுமாகப் பிடித்தேன்.

"அத்தே! கீழ வையி!"

"ஏண்டி கத்துற? வயித்தத்தானடி கிழிச்சாங்க, கையையா?"

நான் அழுதே விட்டேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை; அப்பாவிடம் அடி வாங்கப் போவது நான்.

ஆபரேஷன் ஆன நாலாவது வாரம், மழை விட்டிருந்த ஒரு காலையில், கர்ணம் வந்துவிட்டார். வெளியே சங்கிலி இழுக்கிற சத்தம் கேட்டதும் அத்தை எழுந்து வயிற்றில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு போய்த் தன் குடிசை வாசலில் நின்றாள். எங்கள் தெரு முழுக்க அளந்து அவள் குடிசைக்கு வர உச்சிப்பொழுது ஆகிவிட்டது. அதுவரைக்கும் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், உட்காரவில்லை. கர்ணத்தோடு வந்த காரியக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"குடியிருக்கிறது இந்தம்மாதானே?" என்று கர்ணம் கேட்டார்.

"இதுதான். பொறந்ததுலேர்ந்து இங்கதான் கெடந்து என் உசுர வாங்குது. எழுதிக்குங்க" என்றார் காரியக்காரர்.

அவ்வளவுதான். ஒரு மாதப் புகை, ஒரு மாதப் பொய், எல்லாம் இந்த ஒரு வரிக்கு.

அன்று சாயங்காலமே அத்தைக்குக் காய்ச்சல் அடித்தது. தையல் ஓரத்தில் நீர் கசிந்திருந்தது. அம்மா துணியை விலக்கிப் பார்த்தாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு முதல் முறையாக நேருக்கு நேர் பேசினாள்.

"அறிவிருக்கா அண்ணி உங்களுக்கு? உள்ள ஓடுறது என் ரத்தம். அந்த நெனப்பாவது இருக்க வேணாமா?"

மறுநாள் காலை இருவரும் ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். போகிற வழியெல்லாம் அந்தக் கோரைப்பாய்ச் சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்ததாகக் கூடப்போன அப்பா தலையில் அடித்துக்கொண்டு சொன்னார்.

காய்ச்சல் அடங்கி, புண் ஆறி, மார்கழியில் கடைசிப் பரிசோதனைக்குப் போனபோது, பையைத் தூக்கிக்கொள்ள என்னையும் அழைத்துப் போனார்கள். வேறொரு இளம் டாக்டரம்மா இருந்தார். எல்லாம் நன்றாக ஆறியிருக்கிறது, புற்று வேறெங்கும் பரவவில்லை என்றார். அப்பா வெளியே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டாக்டரம்மா புதுச் சீட்டு ஒன்று எடுத்து எழுத ஆரம்பித்தார். வயசு கேட்டார். தீட்டு நின்று எத்தனை வருஷம் என்று கேட்டார்.

"பிரசவம் எத்தனை?"

"நாலு" என்றாள் அத்தை.

எனக்குத் தாங்கவில்லை. வெற்றிலை, குடம், இப்போது டாக்டரிடமே பொய்.

"இல்லீங்க டாக்டரம்மா. அத்தைக்குப் புள்ளையே கெடையாது. பொய் சொல்லுது."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. முதுகில் ஒன்று விழும் என்று நான் காத்திருந்தேன். அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை.

"அது சின்னப்புள்ள, தெரியாது. நீங்க நாலுன்னே எழுதிக்குங்க."

நாலு பிரசவம் என்று எழுதிக்கொண்டார்கள். நாலில் ஒன்றுகூட ஒரு வாரம் தங்கவில்லை என்பதை அம்மா எனக்குச் சொன்னது, நான் வளர்ந்து எனக்கொரு பிள்ளை பிறந்த பிறகு. அன்றைக்கு எனக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான்: சர்க்கார் காகிதத்தில் கூட்டி எழுதினால் ஏதாவது கிடைக்கும் என்று அத்தை தந்திரம் பண்ணியிருக்கிறாள்.

திரும்புகிற பஸ்ஸில் கூட்டம். எனக்கு உட்கார இடமில்லை; அந்தக் கனத்த பையைச் சுமந்துகொண்டு நின்றேன். அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து, இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு வெளியே பச்சை வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"வலிக்குதா அத்தே?" என்றேன்.

"இல்லடி."

வலிக்கவில்லை என்றால் கையை எடுத்து இந்தப் பையைக் கொஞ்சம் வாங்கி வைத்துக்கொண்டால் என்ன என்று, ஊர் வருகிற வரைக்கும் எனக்கு எரிச்சலாகவே இருந்தது.