வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

எனக்கு எழுபத்தொன்பது வயது. பெற்றது ஆறு, வளர்த்தது ஏழு. ஏழாவது என் கொழுந்தனின் மகள், தாயில்லாமல் வந்தவள். ஒரு பிள்ளைக்கும் தீக்காயம் கிடையாது, ஒன்றும் சாக்கடையில் விழுந்ததில்லை. இதை நானே சொல்லிக்கொள்கிறேன். பார்த்தவர்கள் யாரும் இப்போது இல்லை. நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்ச காலம்தான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், மெதுவாகத்தான் வரும்.

மூத்தவன் தவழ ஆரம்பித்தபோது பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்பில் இருந்தோம். வெள்ளைக்காரன் காலம். ஒரே நீளக் கூரை, அதன் கீழே வரிசையாக வீடுகள். வாசலை ஒட்டி லோங்காங், அதாவது பெரிய சாக்கடை. அதற்கு அப்பால் தண்டவாளம். மழை பிடித்துக்கொண்டால் அந்தச் சாக்கடை ஆளையே இழுக்கும். என் வீட்டுக்காரருக்கு ரயில் பெட்டிகளைக் கோத்துவிடுகிற வேலை. இருட்டோடு போனால் இருட்டோடு வருவார்.

ஊரிலிருந்து கப்பலேறி வந்து அப்போது எனக்கு இரண்டாவது வருஷம். ஒரு மனுஷரையும் தெரியாது. வீட்டைத் தெரியும், பிள்ளையைத் தெரியும். அதனால் வீட்டைப் பிள்ளைக்கு ஏற்றபடி மாற்றினேன். தரையில் இருந்த அடுப்பை மேடை கட்டி ஏற்றச் சொன்னேன். அரிவாள்மணை ஆணிக்குப் போனது. மண்ணெண்ணெய்ப் போத்தலை உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். தண்ணீரென்று நினைத்துக் குடித்துவிட்டால் என்ன செய்வது? பயறு, புளி, மிளகாய் எல்லாம் மேல் பலகையில் ஏறின. மிச்சம் வாசல்தான்.

அவர் கள்ளிப்பெட்டிப் பலகையில் ஓர் அரைக்கதவு செய்தார். என் மார்பு உயரம் இருக்கும். உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்தார். நடக்கக் கற்றுக்கொண்ட கையோடு பையன் அதைத் திறக்கவும் கற்றுக்கொண்டான். சாக்கடை ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தவனை அள்ளிக்கொண்டு வந்தேன்.

"தாழ்ப்பாள வெளிப்பக்கம் போடுங்க. அடியில போடுங்க. யாருக்கும் எட்டக் கூடாது," என்றேன் அவரிடம்.

"உனக்கு எட்டுமா?"

"எனக்கு எட்டாம யாருக்கு எட்டும்? போடுங்க."

போட்டார். உள்ளே நின்று கதவுக்கு மேலே கையை விட்டுத் திறந்தும் காட்டினார். அவர் நெட்டை. மறுநாள் அவர் வெளியே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போன பிறகு நான் கையை விட்டுப் பார்த்தேன். விரலுக்கும் தாழ்ப்பாளுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. கரண்டிக் காம்பால் நெம்பினேன், அசையவில்லை. பின்பக்கம் மதில். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதையோ கதவையோ ஏறிக் குதிக்கலாம்தான். வரிசை வீடெல்லாம் பார்க்குமே.

ராத்திரி அவர் வந்ததும் நான் சொல்லவில்லை. எட்டும் என்று சொன்னவள் நான். அதோடு, கதவு திறந்திருந்தால் மட்டும் எங்கே போகப்போகிறேன்? குழாயடியில் தண்ணீரை அவர் கிளம்புமுன்பே பிடித்துவிடுவேன். சீனக் கீரைக்காரர் கதவுக்கு மேலே கீரைக்கட்டை நீட்டுவார். என் வீட்டுக் கதவைத் திறந்துவிடுங்கள் என்று கீரைக்காரரிடம் கேட்பேனா? பகல் முழுக்க நானும் பிள்ளையும் ரயில் சத்தமும்தான். பேச்சே மறந்துவிடுமோ என்று பானையோடு பேசியிருக்கிறேன்.

எங்கள் வரிசையில் எங்களுடையது கடைசி வீடு. அதை அடுத்துக் கிளார்க்குமார் வீடுகள் ஆரம்பிக்கும். அதில் முதல் வீட்டில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மாள், பிள்ளை இல்லாதவள். தலையைத் திருப்பாமல் என் வாசலைத் தாண்டிப் போவாள். கிளார்க்கு பெண்சாதி நம்மோடு பேசுவாளா என்று நானும் உள்ளே திரும்பிக்கொள்வேன்.

ஒருநாள் காலையில் பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டு அழுதான். மூக்குக்குள்ளே ஒரு புளியங்கொட்டை. கூட்டும்போது என் கண்ணுக்குத் தப்பினது. விரலை விட்டேன், இன்னும் உள்ளே போனது. மூக்கில் ரத்தம். மருந்து கட்டுகிற டிரஸரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். கதவு திறக்காது, பிள்ளையோடு ஏறிக் குதிக்கவும் முடியாது.

அதுவரை அந்த வரிசையில் என் குரலை யாரும் கேட்டதில்லை. "அக்கா, அக்கா" என்று கத்தினேன். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது.

ஈரக் கையோடு ஓடி வந்தாள். "என்ன பிள்ளை, என்ன நடந்தது?"

"மூக்குல கொட்ட போயிருச்சுக்கா. கதவத் தொறங்க."

திறந்து உள்ளே வந்து பிள்ளையைப் பார்த்தாள். திரும்ப ஓடிப்போய்த் தன் வீட்டுக்காரருடைய மூக்குப்பொடி டப்பியைக் கொண்டுவந்தாள். அடைக்காத பக்கத்து மூக்கில் ஒரு துளி காட்டினாள். அடுக்கடுக்காகத் தும்மல். கொட்டை சுவரில் போய் விழுந்தது. பையன் அழுகையை விட்டுவிட்டுக் கொட்டையைத் தேடப் போனான். அப்புறம் நான்தான் அழுதேன்.

அவள் கதவைக் குனிந்து பார்த்தாள். "இது பிள்ளைக்குப் போட்ட பூட்டோ, தாய்க்குப் போட்ட பூட்டோ?"

"எனக்கு எட்டலக்கா."

"நான் நினைச்சன், உமக்குப் பெருமை கூட, அதுதான் வெளியில வாறேல்லை எண்டு."

"நான் உங்களத்தான் அப்படி நெனச்சேன்."

"அது சரிதான். எனக்குப் பெருமை இருக்கு," என்று சிரித்தாள். "இண்டைக்கு அவர் வந்தவுடனை சொல்லும், தாழ்ப்பாளை மேலுக்கு மாத்தச் சொல்லி. அதுவரைக்கும் நான் வந்து திறக்கிறன்."

நான் சொல்லவில்லை. மறுநாள் வந்து திறந்தாள். அதற்கு அடுத்த நாளும் வந்தாள். திறக்க வந்தவள் சும்மா போவாளா? உட்காருவாள், கோப்பி குடிப்பாள். பையன் அவள் மடியில் ஏறிக்கொள்வான். பிறகு மூன்று பேருமாகக் குழாயடிக்குப் போவோம். ஒரு தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கும் போனோம்.

"ஒரு ஆணி அடிக்க உம்மடை மனுசனுக்கு ஒரு வருசமோ?" என்று ஒருதரம் கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் டம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.

அவள் வீட்டுக்காரருக்கு ஈப்போவுக்கு மாற்றலானது. அவர்கள் ரயிலேறின மறுநாள், வரமாட்டாள் என்று தெரிந்தும் அந்த நேரத்துக்கு இரண்டு டம்ளரில் கோப்பி ஊற்றிவிட்டேன். அவளுடையது ஆறி ஆடை கட்டும்வரை வைத்திருந்தேன்.

அன்றைக்கு ராத்திரி அவரிடம், "தாழ்ப்பாள மேல மாத்துங்க. எட்டல," என்றேன்.

"இத்தன நாளு எட்டுச்சே?"

"அக்கா இருந்தாங்க."

அவர் எழுந்துபோய்ச் சுத்தியலை எடுத்தார், உடனே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு கதவு என் கைக்குத் திறந்தது. திறந்து வாசலில் கொஞ்ச நேரம் நிற்பேன், உள்ளே வந்துவிடுவேன்.

மற்ற ஆறு பேரும் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் வளர்ந்தார்கள். இப்போது கிள்ளானில் மகள் வீட்டில் இருக்கிறேன். காலையில் எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போகிறார்கள். வாசல் கேட் சாவியை என் கையில்தான் தந்துவிட்டுப் போகிறார்கள்.

பேத்தி வந்துவிட்டாள். இந்தாம்மா, இதை எனக்கு வாசித்துக் காட்டு. எழுத்துப் பிழையை அப்புறம் திருத்தலாம். முதலில் அந்த அக்கா பேசுகிற இடத்தை வாசி. உன் பேச்சில் வேண்டாம், அவள் பேசின மாதிரியே வாசி.