மோகனூர்க் கட்டத்தைக் காலியாக வைத்திருந்தவர்

பூங்கொடி அக்கா காலமானார் என்ற செய்தி அலுவலகத்திலிருந்து வந்தபோது நான் மகனுக்குக் காய்ச்சல் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். விடியற்காலையில் மாரடைப்பு என்றார்கள். நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு என்ன அவ்வளவு தூரமா? நான் போகவில்லை. கைக்குழந்தையோடு சாவு வீட்டுக்குப் போகக் கூடாது என்றார் மாமியார். பையனுக்குக் காய்ச்சலும் இருந்தது. இரண்டும் உண்மைதான். ஆனால் காரியமெல்லாம் முடிந்து, இவ்வளவு தாமதமாக உட்கார்ந்து எழுதும்போது, அவை போதுமான காரணங்களாகத் தெரியவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாட்டின் வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை வகை நில அமைப்புகள் இருக்கின்றன என்று கணக்கிடுவது எங்கள் வேலை. மலை, கரடு என்கிற சிறு பாறைக்குன்று, ஓடை அரித்த பள்ளம், ஆற்று மேடு, மணல் திட்டு என்று பல வகைகள். முதலில் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் குறிப்போம். பிறகு நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும்.

சேலம், நாமக்கல் கட்டங்கள் எங்கள் இருவருக்கும் வந்தன. நம் பக்கம் எல்லாம் சமவெளிதானே, படத்தைப் பார்த்தே முடித்துவிடலாம் என்றேன் நான்.

"ஏங்கண்ணு, ஏரோப்ளேன்ல இருந்து பாத்தா உங்க மாமியாரும் நானும் ஒரே மாதிரித்தான் தெரிவோம். எறங்கிப் பாத்தாத்தான தெரியும்" என்றார்.

அவருடைய ஸ்கூட்டரில் வெண்ணந்தூர் போனோம். நான் சமவெளி என்று ஒரே வகை போட்டிருந்த கட்டத்தில் ஒரு கரடு நின்றது. அதன் அடிவாரத்தில் உருண்டு கிடந்த கல் சரிவு, அதற்கும் கீழே ஆளுயரத்துக்கு அரித்திருந்த ஓடை. திரும்பும் வழியெல்லாம் கிண்டல்தான்.

பிறகு வெளிமாநிலக் கட்டங்களும் எங்களிடம் வந்தன. அவற்றில் சந்தேகம் வந்தால் சொந்தக்காரர்களைக் கூப்பிடுவார். ரிக் வண்டியோடு ஆழ்துளைக் கிணறு போடப் போன திருச்செங்கோட்டு ஆட்கள் இல்லாத மாநிலம் ஏது? ஒருமுறை ராஜஸ்தானிலிருந்து கொழுந்தனார் அனுப்பிய படத்தைப் பார்த்து 'சிறு குன்று' என்று சேர்த்துவிட்டார். அறிக்கையும் போய்விட்டது. பிறகு பேச்சுவாக்கில் கொழுந்தனார், "அது குன்று இல்லீங்க அண்ணி, சுரங்கத்துல அள்ளிக் கொட்டுன மண்ணு" என்றிருக்கிறார். மனிதர் கொட்டியதை நாங்கள் சேர்ப்பதில்லை. அக்கா தாமே மேலிடத்துக்குப் பேசி, தவறு தம்முடையதென்று சொல்லி அந்தக் கட்டத்தின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்தார். கொஞ்ச நாள் அலுவலகத்தில் அவருக்குக் 'குப்பைமேட்டு மேடம்' என்று பெயர். அதற்கு முதலில் சிரித்தவர் அவர்தான்.

மோகனூர்க் கட்டம் என்னுடையது. வயிற்றில் பிள்ளை இருந்தபோது தள்ளிப்போட்டேன். பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியும் தள்ளிப்போட்டேன். தடுப்பூசி, சளி, வெயில், ஆற்றங்கரை என்று ஒவ்வொன்றுக்கும் பயம்.

"தம்பியையும் தூக்கிட்டு வா சாமி. நான் வெச்சிக்கறேன், நீ போயிப் பாரு" என்பார். அடுத்த வாரம் பார்க்கலாம் அக்கா என்பேன்.

அவர் போன பிறகுதான் உடன் வேலை செய்பவர் ஒருவர் சொன்னார். அந்தக் கட்டம் ஏன் காலியாகவே இருக்கிறது, சமவெளி என்று போட்டு முடிக்க வேண்டியதுதானே என்று கூட்டந்தோறும் அக்காவைக் கேட்டிருக்கிறார்கள். என் பெயரை அவர் எடுக்கவே இல்லை.

"காலியா இருந்தா நாம இன்னும் பாக்கலைன்னு அர்த்தமுங்க. ஒரே வகைன்னு போட்டா, போயிப் பாத்தோம், வேற எதும் இல்லைன்னு ஆயிருமுங்க. அது பொய்யில்லீங்களா?" என்றாராம்.

அந்தப் பேச்சையெல்லாம் அவர் வாங்கிக்கொண்டிருந்த நாட்களில் நான் வீட்டில் தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்தக் கட்டத்தை முடித்துத் தரும்படி என்னிடம் கேட்டார்கள். சமவெளி என்று தட்ட எவ்வளவு நேரம் ஆகும்? கை வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கணவரையும் மகனையும் அழைத்துக்கொண்டு மோகனூர் போனேன். அவர்களை ஒரு மர நிழலில் உட்காரவைத்துவிட்டுக் கரையோடு நடந்தேன். கரும்பு நிற்கும் பழைய ஆற்றுத் தடம், அதையொட்டி உயர்ந்த கரை மேடு, நீருக்கு நடுவே மணல் திட்டு, அதைத் தாண்டிப் பாறைகள். ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு திரும்பியபோது மகன் அப்பாவின் மடியில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு எதுவும் ஆகவில்லை.

ஒரு காலைப்பொழுதுதான் தேவைப்பட்டிருக்கிறது, அக்கா. அதை உங்களோடு கழித்திருக்கலாம். மன்னித்துவிடுங்கள். போய் வாருங்கள்.